‘இது என்ன படம்?’ என்று கேட்காமல் பக்கத்தில் இருப்பது

ஓவியம், களிமண், தையல், பாய் இழைத்தல் என்று ஏதாவது ஒரு கைவேலையை நடுவில் வைத்துக்கொண்டு மனம் நொந்த ஆட்களோடு இருக்கிற வேலையை நான் மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் நெடுநாளாகச் செய்து வருகிறேன். முதலில் பாடசாலையில் சித்திரம் படிப்பித்தேன், பிறகு உளசமூகப் பணிக்கு, அதாவது மனம் நொந்தவர்களுக்கும் அவர்களின் ஊர் உறவுகளுக்கும் துணை நிற்கிற வேலைக்கு வந்தேன். இப்போது பல்கலைக்கழகம் முடித்த பிள்ளைகள், முன்பள்ளி டீச்சர்மார், மாதர் சங்கத்து ஆட்கள் என்று பலபேர் கோல் எடுத்துக் கேட்கிறார்கள்: "மிஸ், நாங்களும் ஊருக்குள்ள ஒரு குழு தொடங்கப் போறம். என்ன சாமான் வாங்குற? முதல் நாள் என்ன செய்யிற?" சாமானைப் பற்றிக் கட்டாயம் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று. ஒருவர் கீறிய படத்தைப் பார்த்து அவருடைய மனதை வாசிக்கப் போகாதீர்கள். "இது என்ன படம்?", "ஏன் கறுப்பு?", "இந்த ஆள் யார்?" என்ற கேள்விகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இத்தனை காலத்தில் நான் படித்துக்கொண்டதில் பாதிக்கு மேல் இதற்குள் அடங்கிவிடும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரம் இருந்த நிலையை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நாட்டிலேயே ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், 10,000 இற்கு மேல். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, திருக்கோவில், மட்டக்களப்புப் பக்கம் நாவலடி, கல்லடி என்று கரை நெடுக ஒரே கதை. முகாம்களுக்கு அரிசியும் தண்ணீர்த் தாங்கியும் கொண்டுவந்த அதே லொறிகளில் கலர்ப் பெட்டிகளும் வந்து இறங்கின. கொண்டுவந்தவர்கள் நல்ல மனதோடு வந்தவர்கள்தான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வந்த கையோடு பிள்ளைகளைச் சுற்றி இருத்தி, "அலை எப்படி வந்தது? கீறுங்க பார்ப்போம்" என்றார்கள். பிள்ளைகளும் கீறினார்கள். ஒரு குழு போய் அடுத்த கிழமை இன்னொரு குழு வரும், அவர்களுக்கும் அதே அலை வேண்டும், அந்தப் பிள்ளைகள் திரும்பவும் அதே தென்னைமரத்தையும் அதே தண்ணீரையும் கீறிக் கொடுத்தார்கள். ராவில் பிள்ளைகள் கத்திக்கொண்டு எழும்பியபோது குழுக்கள் அங்கே இல்லை, தாய்மார்தான் இருந்தார்கள், அவர்களுக்கும் நித்திரை கிடையாது.

பேரிழப்பு நடந்த உடனே ஆளை இருத்தி நடந்ததையெல்லாம் சொல்லவைக்கிற முறையைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டலில் சொல்லியிருக்கிறது. வாயால் சொல்லவைப்பதற்குப் பதிலாகப் பெஸ்டலால் சொல்லவைத்தாலும் அது அதே வேலைதான் என்பது என் கருத்து.

அந்தக் காலத்தில் ஒரு பயிற்சி வகுப்பில், முகாமில் இருந்த ஒரு பையன் கீறிய வீட்டைக் காட்டி, "பாருங்கள், கதவு இல்லை. இந்தப் பிள்ளை மனதை மூடிக்கொண்டுவிட்டான்" என்று வெளியூரிலிருந்து வந்த ஒருவர் விளக்கினார். அந்தப் பையன் இருந்த கொட்டிலுக்கு நான் போயிருக்கிறேன். நாலு பக்கமும் தகரம், முன்னால் தொங்குகிற நீலத் தறப்பாள். அதைத் தூக்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். கதவு கிடையாது. இருந்ததை இருந்தபடி கீறியிருக்கிறான், அவ்வளவுதான். படத்தில் இருக்கிற ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஒரு கருத்து என்று பட்டியல் வைத்துக்கொண்டு வருகிறவர்களை அன்றிலிருந்து எனக்குப் பயம். ஒரு பிள்ளையின் பெயரோடு அப்படி ஒரு குறிப்பு ஒட்டிக்கொண்டால் அது பாடசாலை வரைக்கும் போகும்.

சரி, கலை வழிச் சிகிச்சை என்பது என்ன? அந்தப் பெயரை முதலில் கொண்டுவந்தவர் அட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர். காசநோய் வந்து சானடோரியத்தில் கிடந்தபோது கீறிக்கொண்டே இருந்ததில் தனக்கு ஏற்பட்ட தெம்பைப் பார்த்து, மற்ற நோயாளிகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்து, 1942 இல் அதற்குப் பெயர் வைத்தார். இன்று பிரித்தானியாவில் பல்கலைக்கழகத்தில் முறையாகப் படித்துப் பதிவு செய்தவர்கள்தான் சட்டப்படி அந்தப் பெயரில் வேலை செய்யலாம். இங்கே நாங்கள் ஊர்களில் செய்வது அதுவல்ல. கலையைத் துணைக்கு வைத்த உளசமூக ஆதரவு என்றுதான் நான் சொல்லுவேன். குழுவுக்கு வருகிற ஆட்களிடமும் அப்படித்தான் சொல்கிறேன்: "நான் டொக்டர் இல்ல, மருந்து தர மாட்டன், நோய்க்குப் பேர் சொல்ல மாட்டன்." இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் வருகிறவர்களுக்கும் ஒரு ஆறுதல், ஏனென்றால் "பைத்தியக்கார டொக்டரிட்டப் போறாள்" என்ற பேச்சுத்தான் எங்கள் ஊர்களில் முதல் தடை.

பலன் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் என்பவரும் கூட இருந்தவர்களும் 39 வளர்ந்த ஆட்களை 45 நிமிடம் களிமண், மார்க்கர், வெட்டி ஒட்டுகிற தாள் என்று விரும்பியதைச் செய்யவிட்டு, முன்னும் பின்னும் அவர்களின் உமிழ்நீரில் கோர்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹோர்மோனை அளந்து பார்த்தார்கள். 2016 இல் வெளிவந்த அந்த ஆய்வில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பு கீறிப் பழகியவரா இல்லையா என்பது எந்த வித்தியாசத்தையும் தரவில்லை. "எனக்குக் கீறத் தெரியா" என்று சொல்கிற ஒவ்வொருவருக்கும் நான் சொல்வது இதைத்தான். மிச்சக் கால்வாசியையும் மறக்கக்கூடாது, எல்லோருக்கும் இது ஒத்துவராது.

எங்கள் மட்டக்களப்பில் இந்த வேலைக்கு ஒரு நல்ல வழி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. யுத்தம் நடந்துகொண்டிருந்த 1996 இல் போல் ஹோகன் என்ற கனடாக் கலைஞரும், இயேசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை போல் சற்குணநாயகமும் சேர்ந்து நகரில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் அங்கே வந்தார்கள். மண், நிறம், கதை, நாடகம், தோட்டம் எல்லாம் ஒன்றாக நடந்தது, நடத்தியவர்களும் பெரும்பாலும் இங்கத்தைய இளம் ஆட்கள். தெருவில் செக்பொயின்ட், ஊருக்கு ஊர் சந்தேகம் இருந்த காலத்தில், அந்தப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து மண் பிசைந்தார்கள் என்பது சின்ன விசயமில்லை. அங்கே வேலை செய்த ஒருவர் எனக்குச் சொன்னது இன்றைக்கும் உதவுகிறது: "வந்த பிள்ளைய உடனே வேலையில இருத்தாதீங்க. மரத்தப் பாக்கட்டும், ஓடட்டும், சும்மா நிக்கட்டும். இடம் பிடிபட்டாத்தான் கை வரும்."

இதை நான் நேரில் கண்டது அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு பல்தேவைக் கட்டடத்தில். தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் ஒரு வாய்க்காலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். இரண்டிலிருந்தும் பெண்கள் வந்தார்கள், வந்து இரண்டு சுவரோரமாக இருந்தார்கள். நான் இடம் மாற்றி இருங்கள் என்று சொல்லவில்லை. தமிழ்ப் பக்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, யுத்தத்தில் மகன் காணாமல் ஆக்கப்பட்ட தாய் என்று கிராமத்துப் பிள்ளை ஒன்று எனக்கு முன்பே சொல்லியிருந்தது. அவர் ஜன்னல் பக்கம் இருந்துகொண்டு நீலமும் மண்ணிறமும் மட்டும் எடுப்பார். டிமைத் தாளில் நெல்மணி அளவு கோடு, அதன் பக்கத்தில் இன்னொரு கோடு, வரிசை முடிந்தால் கீழே அடுத்த வரிசை. கிழமைக்கு ஒரு தாள். வாய் திறந்து ஒரு சொல் இல்லை. தேத்தண்ணி கொடுத்தால் குடிப்பார், நேரம் முடிந்ததும் கை கழுவிவிட்டுப் போவார். அவர் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது மட்டும்தான் எனக்குக் கிடைத்த தகவல். அது எனக்குப் போதும்.

சில கிழமை போன பிறகு ஒருநாள் பக்கத்தில் இருந்தவரிடம் கையை நீட்டிக் கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கினார். தான் கீறிய தாள்களையெல்லாம் எடுத்து விரல் அகலத்துக்கு நீட்டு நீட்டாக வெட்டினார். எனக்கு நெஞ்சு பதைத்தது. ஆனால் படம் அவருடையது. வெட்டிய துண்டுகளைத் தரையில் பரப்பி, ஒன்றை மேலே ஒன்றைக் கீழே விட்டு இழைக்கத் தொடங்கினார், பன் என்ற புல்லில் பாய் இழைக்கிற அதே கை. நீலமும் மண்ணிறமும் கட்டம் கட்டமாக வந்தது. பெண்கள் எழும்பி வந்து சுற்றி நின்றார்கள். எங்கள் பகுதியில் பன் பாய் இழைப்பது தமிழ்ப் பெண்களுக்கும் தெரியும், முஸ்லிம் பெண்களுக்கும் தெரியும். பன்னை வெட்டிக் காயவைத்து, சாயத்தில் அவித்தெடுத்து இழைப்பது இரண்டு பக்கத்திலும் அம்மம்மா காலத்து வேலை. மற்றச் சுவரோரம் இருந்த ஒரு ராத்தா, முஸ்லிம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம், குனிந்து, "கரைய இப்புடி மடிச்சா அவுந்து போயிரும்" என்றார். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "இல்ல, இத இறுக்கிப் புடிங்க. புடிச்சுக்கிட்டு இப்புடித் திருப்புங்க." குழுவில் அவர் பேசிய முதல் பேச்சு அது. அன்றைக்கு முழுக்க அந்த இரண்டு பேருக்கும் மூலை மடிப்பதில் ஒரு வாதம். அடுத்த கிழமை ராத்தா வீட்டிலிருந்து ஒரு கட்டு உண்மையான பன் வந்தது.

அந்தக் கோடுகள் என்ன, வயலா, மழையா, நாட்களை எண்ணியதா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. மகனைப் பற்றி அவர் பேசினார், ஆனால் நெடுநாள் கழித்து, அதுவும் என்னிடமல்ல, அந்த ராத்தாவிடம். பாய் இழைத்துக்கொண்டு குனிந்தபடியே. எதிரில் இருந்து கண்ணைப் பார்த்துப் பேசச் சொன்னால் வராத பேச்சு, கையில் வேலை இருக்கும்போது, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது வருகிறது. கணக்கெடுப்புக்கும் விசாரணைக்கும் விண்ணப்பத்துக்கும் வருடக்கணக்காக ஒரே கதையைச் சொல்லிச் சொல்லிக் களைத்த பெண் அவர். அங்கே அவர் காணாமல் போனவரின் தாய் மட்டுமல்ல, மூலை மடிக்கத் தெரிந்த ஆளுமாக இருந்தார். நாங்கள் உண்டாக்கிக் கொடுக்கக்கூடிய பெரிய விசயம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இனி, வெவ்வேறு சமூகத்தவரோடு வேலை செய்வது பற்றி. கலைக்கு மொழி தேவையில்லை, எல்லோருக்கும் பொதுவானது என்று மேடையில் சொல்வார்கள். எங்கள் மாவட்டங்களில் அந்த நம்பிக்கையோடு போனால் கஷ்டம். உயிருள்ளவற்றையும் முகத்தையும் கீறுவது மார்க்கத்தில் கூடாது என்று கருதுகிற முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன, அப்படிக் கருதாத குடும்பங்களும் இருக்கின்றன. "உங்கள் குடும்பத்தைக் கீறுங்கள்" என்று தொடங்கினால் பாதிப் பேர் பெஸ்டலை வைத்துவிட்டுச் சும்மா இருப்பார்கள், ஏன் என்றும் சொல்ல மாட்டார்கள். அதே கேள்வி குடும்பத்தில் ஆளை இழந்தவருக்கு வேறு விதத்தில் வலிக்கும்: செத்தவரைக் கீறுவதா விடுவதா? அதனால் நான் ஆட்களைக் கீறச் சொல்வதே இல்லை, கீற விரும்பினால் கீறலாம். மருதோன்றிக் கோலம், கரை வடிவம், கட்டம், இலை என்று தொடங்கலாம். மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன ஊர், நெசவு வீட்டுப் பெண்ணுக்கு நூல் நிறத்தை அடுக்கச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை, அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுப்பார்.

தமிழ்ப் பெண்கள் என்றால் கோலம் போடலாம்தானே என்று நினைக்காதீர்கள். கணவனை இழந்த பெண்களை மங்கல காரியங்களில் பின்னுக்குத் தள்ளுகிற வழக்கம் இன்னும் செத்துப் போகவில்லை. எல்லோரும் பார்க்கக் கோலம் போடச் சொன்னால், சிவப்பை எடுக்கச் சொன்னால், அந்தப் பெண்ணின் கை பின்வாங்கும். நிறப் பெட்டியை நடுவில் வையுங்கள், யாருக்கும் நிறத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். ஒருநாள் அவராகச் சிவப்பை எடுத்தால் அதைப் பற்றிக் கதைக்கவும் வேண்டாம். "ஆ, சிவப்பு எடுத்திட்டீங்களே!" என்று நாங்கள் சந்தோசப்பட்டால் அடுத்த கிழமை அவர் வரமாட்டார்.

ஊர்க் காலண்டரைப் பாருங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிற கிராமத்தில் அந்தக் கிழமை குழு வைக்க வேண்டாம், ரமழானில் பின்னேரக் குழு வைக்க வேண்டாம், வெள்ளிக்கிழமை பகலை விட்டுவிடுங்கள். இது மரியாதைக்காக மட்டுமல்ல. எங்கள் ஆட்களுக்குத் துக்கத்தைத் தாங்க நாங்கள் வருவதற்கு முன்பே வழிகள் இருந்தன. அம்மன் சடங்கில் பாடுகிற குளிர்த்திப் பாட்டும், ஒப்பாரியும், பள்ளிவாசல் கந்தூரிச் சாப்பாடும், மாதா கோயிலில் கொளுத்துகிற மெழுகுதிரியும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. யுத்த காலத்தில் மட்டக்களப்பு அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்கிறவர்களிடம் காணாமல் போன பிள்ளைகளைப் பற்றிக் கேட்டு வந்த தாய்மாரை பட்ரீசியா லோறன்ஸ் என்ற மானிடவியலாளர் இங்கே தங்கி ஆய்வு செய்து எழுதியிருக்கிறார். வெளியே பேச முடியாத காலத்தில் அந்தக் கோயில் வாசல் பேச்சுக்கு இடம் கொடுத்தது. எங்கள் கலர்ப் பெட்டி அதற்குப் போட்டியாக வந்ததாக ஒருவருக்கும் தோன்றக்கூடாது.

2019 உயிர்த்த ஞாயிறை எழுதாமல் விட முடியாது. ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் நடந்த தற்கொலைக் குண்டுவெடிப்பில் பிள்ளைகள் உட்படப் பலர் கொல்லப்பட்டார்கள். 26 இல் சாய்ந்தமருதில் இன்னொரு வெடிப்பு, அங்கேயும் பிள்ளைகள். 29 இல் முகத்தை மூடும் உடைக்கு அரசின் தடை. அந்த நாட்களில் ஒரு பக்கம் தேவாலயத்துக்குப் போகப் பயந்த குடும்பங்கள், மற்றப் பக்கம் அபாயாவோடு பஸ் ஏறப் பயந்த பெண்கள். கலப்புக் குழுக்களை உடனே கூட்டி "ஒற்றுமைப் படம்" கீறவைக்க வேண்டும் என்று எங்களுக்கு மேலிருந்து நெருக்கினார்கள். கைகோத்த நாலு பிள்ளைகள், நாலு மத அடையாளம், ஒரு வெள்ளைப் புறா. நான் மாட்டேன் என்றேன். சவ அடக்கம் முடிந்து சில நாள்கூட ஆகாத ஒருவரிடம் புறா கீறு என்பது, நீ இன்னும் கோபப்படுகிறாய், அது பிழை என்று சொல்வதற்குச் சமம். முதலில் அந்தந்த ஊரில் அந்தந்த ஆட்களோடு தனித்தனியாக இருந்தோம். ஒரு இளம் பெண் கறுப்பு நூலால் ஒரே துணியில் தையல் மேல் தையல் போட்டுத் துணியையே விறைக்கப் பண்ணினாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பழைய கலப்புக் குழு மீண்டும் கூடியது பல மாதம் கழித்து, அதுவும் அந்தப் பெண்களே ஆளுக்காள் கோல் எடுத்துக் கேட்ட பிறகு.

சிங்கள ஆட்களும் இருக்கிற அம்பாறைப் பக்கக் குழு என்றால் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும். கையால் செய்து காட்டினால் விளங்கும் என்று விடாதீர்கள். விளங்காமல் இருக்கிறவர் விளங்காதது தன் குறை என்று நினைப்பார்.

சாமான். விலை கூடியது வேண்டாம், பார்த்தால் பயம் வரும், வீணாக்கக் கூசுவார்கள். டிமைத் தாள், அட்லஸ் பெஸ்டல், பழைய சேலைத் துண்டு, நூல், பசை, கத்தரிக்கோல், களிமண். பெஸ்டலைப் பாதியாக முறித்துப் போடுங்கள், முறிந்ததை முறிக்கப் பயமில்லை. தாளை நாலாகக் கிழித்துச் சின்னத் துண்டாகக் கொடுங்கள், பெரிய வெள்ளைத் தாள் பள்ளிக்கூடப் பரீட்சையை ஞாபகப்படுத்தும். நீர்வர்ணம் ஓடும், கையை மீறிப் போகும், மனம் ஏற்கெனவே தளம்புகிற ஆளுக்கு முதல் நாள் அது வேண்டாம், பென்சிலும் நூலும் அடக்கமானவை. களிமண் பலருக்கு நல்லது, ஆனால் சுனாமியில் சேற்றுக்குள்ளிருந்து பிணம் எடுத்த ஒருவர் ஈரமண்ணைத் தொட்டதும் வெளியே போய்விட்டதை நான் கண்டிருக்கிறேன். ஆகையால் எப்போதும் இரண்டு மூன்று பொருள் மேசையில் இருக்கட்டும், ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு தெரிவு என்று முதலிலேயே சொல்லுங்கள்.

இடம்: கோயில் மண்டபமும் வேண்டாம், பள்ளிவாசல் மண்டபமும் வேண்டாம், கலப்புக் குழு என்றால் நூலகமோ பல்தேவைக் கட்டடமோ நல்லது. வாசல் தெரிகிற மாதிரி எல்லோரும் இருக்க வேண்டும். யுத்தம் கண்ட ஆட்களுக்கு முதுகுப் பக்கம் கதவு இருந்தால் கை ஓடாது. ஒன்றரை மணி நேரம் போதும். தொடக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா கதை, நடுவில் வேலை, கடைசியில் கட்டாயம் சாமான் அடுக்கி, கை கழுவி, தேத்தண்ணி. அந்தக் கை கழுவுவதை விடாதீர்கள். வீட்டுக்குப் போய்ச் சோறு சமைக்க வேண்டிய ஆளை அழுதபடி தெருவில் விடக்கூடாது.

என்ன கதைப்பது? "இந்த நீலம் நிறைய இடத்தில வந்திருக்கு" என்று கண்ணால் தெரிவதைச் சொல்லலாம். "இன்னும் தாள் வேணுமா?" என்று கேட்கலாம். அவராகச் சொல்லத் தொடங்கினால் கேளுங்கள், இடையில் புத்தி சொல்லாதீர்கள். "வடிவா இருக்கு" என்ற புகழ்ச்சியும் கூடாது, அடுத்த கிழமை வடிவாகக் கீற முயல்வார். யாருக்காவது உடம்பு நடுங்கினால், கண் எங்கோ நிலைகுத்தினால், படத்தை ஒதுக்கிவிட்டு ஆளைக் கவனியுங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், கால் தரையில் பதியட்டும், தண்ணீர் கொடுங்கள், வெளியே நிழலுக்குக் கூட்டிப் போங்கள். நடந்ததைச் சொல்லச் சொல்லாதீர்கள்.

சாக வேண்டும் என்ற பேச்சு, பல நாள் நித்திரையின்மை, இல்லாத குரல் கேட்பது, சாப்பிடாமல் கிடப்பது, இவற்றைக் கண்டால் கலர்ப் பெட்டியை நம்பி இருக்க வேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கல்முனைப் பக்க ஆட்கள் அங்கத்தைய ஆதார வைத்தியசாலையில் கேட்கலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். குழு தொடங்குவதற்கு முன்பே எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் ஒருவரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து வந்த பிறகு யாரிடம் போவது என்று தேடினால் நேரம் போய்விடும். "போங்க" என்று துண்டு எழுதிக் கொடுத்தால் போகமாட்டார்கள், முதல் தரம் கூடப் போங்கள்.

அடுத்தது, படம் யாருடையது என்பது. நாஸி முகாம்களில் ஒன்றான தெரேசினில் அடைக்கப்பட்டிருந்த பிள்ளைகளுக்கு ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ் என்ற ஓவியர் கீறச் சொல்லிக்கொடுத்தார், ஒவ்வொரு படத்திலும் பிள்ளையின் பெயரை எழுதவைத்தார். 1944 இல் அவரை அவுஷ்விட்ஸில் கொன்றார்கள். அவர் ஒளித்து வைத்த இரண்டு பெட்டிகளிலிருந்து ஏறத்தாழ 4,500 படங்கள் கிடைத்தன. இலக்கமாக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அவர் பெயரைத் திருப்பிக் கொடுத்தார். எங்கள் ஊரில் நிலைமை வேறு. பெயர் இருந்தால் அது யார் கைக்குப் போகும் என்ற பயம் இங்கே உண்மையானது. அதனால் தாளின் பின்பக்கம் அவர் விரும்பிய ஒரு அடையாளம், பூவோ கோடோ, போதும். ஆளுக்கொரு காக்கி உறை, உறையைத் திறக்க அவருக்குத்தான் உரிமை. கிழிக்க விரும்பினால் கிழிக்கலாம், எரிக்க விரும்பினால் எரிக்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோகலாம். போனில் படம் எடுக்க யாரையும், உங்களையும் சேர்த்து, விடாதீர்கள்.

இதில் எனக்கு ஒரு கசப்பு உண்டு. பணம் தந்த ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், அறிக்கையில் போட "முன்", "பின்" என்று இரண்டு படம் கேட்டது. முதல் மாதம் கீறியது இருட்டாக, கடைசி மாதம் கீறியது வெளிச்சமாக இருந்தால் நல்லது என்று அதிகாரி ஒருவர் வாய்விட்டே சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஒன்றும் அறியாதவர்கள் இல்லை. அடுத்த கிழமை நாலைந்து பேர் சூரியனும் தாமரையும் கீறி வைத்திருந்தார்கள். "இதக் குடுத்தா மிஸ்ஸுக்குப் பிரச்சின இல்லத்தானே?" என்றார் ஒருவர். என்னைக் காப்பாற்றக் கீறியிருக்கிறார்கள்! நான் அந்தப் படங்களைக் கொடுக்கவில்லை. எத்தனை பேர் தொடர்ந்து வந்தார்கள், எத்தனை பேரை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனோம், குழுவுக்கு வெளியிலும் ஆட்கள் ஒருவரையொருவர் சந்திக்கிறார்களா என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த வருடம் அந்தப் பணம் வரவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன். பலனைக் காட்ட வேண்டும் என்பது நியாயம், ஆனால் அதற்கு ஒருவருடைய துக்கத்தைச் சுவரில் ஒட்டத் தேவையில்லை.

நடத்துகிற உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்களும் இதே மண்ணில் இருந்தவர்கள், உங்கள் வீட்டிலும் ஆட்கள் இல்லாமல் போயிருக்கலாம். தனியாக நடத்தாதீர்கள், எப்போதும் இரண்டு பேர். முடிந்த பிறகு அந்த இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இருந்து கதைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். குழுவில் மற்றவர்கள் கீறும்போது நீங்களும் ஒரு துண்டுத் தாளில் ஏதாவது செய்யுங்கள், கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிற ஆள் இருந்தால் அது வகுப்பாகிவிடும்.

முடிப்பது எப்படி என்பதைத் தொடங்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் ஆட்களுக்குத் திடீரென்று இல்லாமல் போனவர்கள் போதும், இன்னும் ஒருவர் அந்தப் பட்டியலில் சேர வேண்டாம். திட்டம் ஆறு மாதம் என்றால் ஆறு மாதம் என்று சொல்லி, கடைசி மாதத்தில் கிழமைக்கு ஒருமுறையை இரண்டு கிழமைக்கு ஒருமுறையாக்கி, நடத்துகிற பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அவர்களிடம் விடுங்கள். அக்கரைப்பற்றுப் பக்கக் குழுவில் அப்படித்தான் செய்தோம். இப்போது சனிக்கிழமைகளில் அவர்களாகக் கூடுகிறார்கள், பன் வெட்டப் போகிற நாளையும் சாயம் வாங்குகிற காசையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள், கூப்பிட்டால் மட்டும் நான் போகிறேன். கடைசி நாளில் உறைகளை ஆளாளுக்கு ஒப்படைத்து, மிஞ்சிய சாமானை எண்ணி எழுதி, இரண்டு ஊரிலிருந்தும் ஒவ்வொருவரைப் பொறுப்பாகப் போட்டு, வைத்தியசாலைக்குப் போகவேண்டி வந்தால் யாருக்கு அறிவிப்பது என்ற இலக்கத்தைப் பெட்டி மூடியின் உள்பக்கம் பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள்.